மிதந்த பிள்ளையார்

டூட்டிங் பூங்காக் குளத்தில் காலை வெயில் தகரம்போல் மினுங்குகிறது. உடைந்த சாமியை வீட்டில் வைத்திருக்கவும் கூடாது, குப்பையில் போடவும் மனம் வராது என்று, தும்பிக்கை முறிந்த மரப் பிள்ளையாரைக் கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து தண்ணீரில் விட்ட யோகராஜா, அது தாழாமல் மிதப்பதைக் கண்டு திகைத்து நிற்கிறார். அதற்குள் காலை நடைக்கு வந்த அஜந்தாவின் கறுப்பு லாப்ரடோர் நாய் பாய்ந்து நீந்திப் போய்ப் பிள்ளையாரைக் கவ்விவந்து, அவருடைய சப்பாத்தடியில் மெதுவாக வைக்கிறது. ஒரு பல்லடையாளம் இல்லை. "இதுகளின்ர பரம்பரைக் குணம், அண்ணை," என்கிறாள் அஜந்தா, ஓடிவந்த மூச்சிரைப்போடு. "நியூஃபவுண்ட்லாந்தில மீன்பிடிகாரரோட கடலுக்குப் போய், தூண்டிலில இருந்து நழுவின மீனைக் காயப்படாமல் தூக்கிக் குடுத்த இனம். பிறகுதான் இங்கத்தைய வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்து, துவக்கால சுட்டு விழுத்தின வாத்தை எடுத்துவரப் பழக்கினவை. தண்ணியில விழுந்ததை விட்டிட்டு வராது." சொல்லிவிட்டுத்தான் குனிந்து பார்க்கிறாள். பிள்ளையாரின் நெற்றியில் சந்தனம் இன்னும் கரையவில்லை. போன வெள்ளிக்கிழமை கோயில் ஒலிவாங்கியில், "குளத்தில சாமிப்படம் போடாதேங்கோ, எங்கட மானம் போகுது" என்று முழங்கியவர் யோகராஜாதான். முன்வரிசையில் இருந்து கேட்டவள் அவள். "கைதவறி விழுந்திட்டுது, தங்கச்சி," என்கிறார். "ஓம் அண்ணை," என்று மட்டும் சொல்லி அவள் குளத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நாய்தான் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட, வாலை ஆட்டியபடி, அவர் மறுபடி எப்போது எறிவார் என்று காத்திருக்கிறது.