நாலாவது ஆளின் முறை

ஒரே ஒரு ஊரிலே நாலு வீரர் இருந்தார்களாம். ஏழு கடலுக்கு அப்பால் இல்லை. இங்கே அரியாலையில், ஒரு கசற்றுக்குள்ளே.

இராசமலர் அக்காவின் தட்டெழுத்து நிலையத்தில்தான் அந்தக் கொம்பியூட்டர் இருந்தது. லண்டனில் இருக்கும் தமையன் அனுப்பியது. ரிவியில் கொழுவி, ரேப் ரெக்கோடரில் கசற்றைப் போட்டால், ஐந்து நிமிடம் கீச்சிட்டபிறகு விளையாட்டு தொடங்கும்; வீரர்களோடு சண்டைக்குப் பூதம் வரும்.

அவசரமில்லாத பூதம். நீங்கள் ஓர் அடி அடித்தால் அது ஓர் அடி அடிக்கும். அடுத்த அடிக்கு நாள் முழுக்க யோசித்தாலும், உங்கள் முறை முடியும்வரை அசையாமல் நிற்கும்.

இப்போது அந்த விளையாட்டின் இரண்டாம் பாகம் லண்டனிலிருந்து வரவேண்டும். எண்பத்தேழு ஆவணி. இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, தபாலும் ஒழுங்காக வரத் தொடங்கியிருந்தது. சஞ்சிகையிலிருந்து கிழித்த அதன் விளம்பரத்தாள், அங்கே தட்டெழுத்துப் பழகும் கிறகோரியின் சட்டைப்பையில் மடிப்பு மடிப்பாய்ப் பிய்ந்துபோயிருந்தது.

"இதிலை ஏழு கோட்டையாம். பழைய வீரர் நாலு பேரையும் அப்பிடியே கொண்டுபோகலாமாம்."

"உதை நூறு தரம் வாசிச்சிட்டாய்," என்றாள் கூடப் பழகும் அற்புதராணி. "வேதாகமத்தை இப்பிடி வாசிச்சிருந்தால் இப்ப நீ சுவாமியார்."

மூன்றாவது ஆள் தம்பிராசா சிரித்தபடி, தட்டச்சு நாடா தேடி மேசை லாச்சியை இழுத்தான். சிரிப்பு நின்றது.

"டேய், இஞ்சை பார்!"

லண்டன் முத்திரை குத்திய பொதி. உடைத்திருந்தது. உள்ளே கசற். மட்டையில் ஏழு கோட்டை.

"தபால் கந்தோர் முத்திரையைப் பார். வந்து மூண்டு கிழமை!"

"அக்காவை நேற்றும் கேட்டனான். இன்னும் வரேல்லை எண்டு முகத்துக்கு நேரை சொன்னவ," என்றான் கிறகோரி.

"நாங்கள் போனபிறகு தனிய இருந்து விளையாடுறா," என்றான் தம்பிராசா.

"அதுதான் மத்தியானச் சாப்பாட்டோடை போடுற கலியாண நாதஸ்வரமும் இப்ப கேக்கிறேல்லை," என்றாள் அற்புதராணி. "தமையன்ரை கலியாணக் கசற்றைக்கூட எங்கடை கண்ணிலை காட்டாமல் கைப்பைக்குள்ளை வைச்சுக்கொண்டு திரியிறா. சரியான கஞ்சப்பிசினாறி!"

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. உள்ளே வந்த இராசமலர் அக்கா, திறந்து கிடந்த லாச்சியைப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"ஓம். வந்து மூண்டு கிழமை."

"அப்ப ஏன் அக்கா ஒளிச்சனீங்கள்?"

"உது நாலு பேருக்கு வந்தது. இஞ்சை மூண்டு பேர்தானே நிக்கிறியள்."

ஆளுக்கொரு வீரனாக இவர்களோடு விளையாடிய நாலாவது ஆள் அடைக்கலநாதன். ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்டு, எட்டு மாதமாகத் தெற்கே பூசா தடுப்பு முகாமில் இருந்தான்.

கிறகோரி தலையைக் குனிந்தான்.

"அடைக்கலத்தின்ரை வீரனை அழிச்சுப்போட்டம் அக்கா. அவன் எப்ப வாறது? அந்த வைத்தியன் சும்மா இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். ரெண்டாம் பாகத்துச் சண்டைக்கு ஆள் காணாது எண்டு, ஒரு வில்லாளியைப் போட்டு அதே கசற்றிலை பதிஞ்சிட்டம்."

"தெரியும்."

அக்கா ஒரு தபாலட்டையை நீட்டினார். "அடைக்கலத்தின்ரை தாய் லூர்த்தம்மா காலமை தந்தவ. நீயே வாசி."

கிறகோரி வாசித்தான். "'அம்மா, நான் சுகம். என்ரை வைத்தியன் உயிரோடை இருக்கிறானோ எண்டு கிறகோரியை ஒருக்காக் கேளுங்கோ.'"

"இதைப் பாத்திட்டு, எந்த வைத்தியன், எந்த ஊர் எண்டு அவனை முகாமிலை ரெண்டு நாள் விசாரிச்சவங்களாம்," என்றார் அக்கா.

அற்புதராணிக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே கண் கலங்கிவிட்டது.

"விடுற ஆக்களின்ரை பட்டியலிலை அவன்ரை பேர் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை வாறான்," என்றார் அக்கா.

கிறகோரி பொதியை மேசையில் வைத்தான். சந்தோசப்படவும் முடியவில்லை.

"அவன்ரை முகத்திலை எப்பிடியக்கா முழிக்கிறது? வந்தவுடனை அதைத்தான் கேப்பான்."

"முறை வருமட்டும் பூதமே பொறுத்து நிக்குது. ஒரு சிநேகிதனுக்காண்டி உங்களாலை நிக்கேலாமல் போச்சே, என்ன?"

அக்கா கைப்பையைத் திறந்து அந்தக் கசற்றை எடுத்தார். 'அண்ணையின்ரை கலியாணம், அளவெட்டி நாதஸ்வரம்' என்று மேலே எழுதியிருந்தது.

"இதைப் போடு."

"இப்பவோ அக்கா நாதஸ்வரம்?"

"போடு எண்டன்."

தம்பிராசா போட்டான். நாதஸ்வரம் வரவில்லை. கீச்... கீச்... என்று ஐந்து நிமிடம். திரையில் வீரர் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஒன்று, இரண்டு, மூன்று...

நாலாவதாக வைத்தியன். உயிர் துளியும் குறையாமல்.

"அவனை அழிக்கப்போறம் எண்டு நீங்கள் கதைச்சது கேட்டுது," என்றார் அக்கா. "நீங்கள் அழிக்கிறதுக்கு முதல் நாளே எடுத்துப் பதிஞ்சு வைச்சிட்டன். கடையிலை வெறுங் கசற் எங்கை கிடக்கு? இதுதான் கையிலை இருந்தது."

"அப்ப... அண்ணையின்ரை கலியாணம்?"

"அதுக்கென்ன? கலியாணம் எப்பவோ முடிஞ்சுது. இப்ப பிள்ளையும் ரெண்டு."

பொதியை மறுபடி லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

"வெள்ளிக்கிழமை நாலு பேரும் வாங்கோ. முதல் அடி அவன்ரை. இப்ப வெளிக்கிடுங்கோ."

மற்ற இருவரும் போனார்கள். கிறகோரி மட்டும் படலையடியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு அவனும் போனான்.

கடைசியாகக் கதவைச் சாத்திக்கொண்டு இராசமலர் அக்கா இறங்கினார். கலியாண வீட்டு நாதஸ்வரத்தை, "பீ... பீப்பீ..." என்று தன் வாயாலேயே மெல்ல ஊதியபடி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார்.