அசைஞ்சுதா மாமா?

உலகத்தில் போலீஸ், கோர்ட்டு, ஜெயில் எதுவுமே தேவைப்படாத ஒரே மனித இனம் கோல்ஃப் வீரர்கள்தான் என்று நீதிபதி தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அவர் நிஜ நீதிபதி இல்லை. நாடு நாடாகப் பறந்து ஆடும் தொழில்முறை கோல்ஃப் வீரர். எல்லா நாடும் அவருக்கு ஒரே புல்தான். ஓட்டல் சோப்பு மட்டும் மாறும்.

இளமையில் ஒரு போட்டியில், யார் கண்ணிலும் படாமல் தன் பந்து நகர்ந்துவிட்டது என்று தானே கையைத் தூக்கிச் சொல்லி, கைக்கு வந்த கோப்பையைக் கோட்டைவிட்டார். அன்றைக்கு ஒட்டியதுதான் 'நீதிபதி' என்ற பட்டம். அந்தக் கோப்பையை வாங்கியவன் யாரென்று யாருக்கும் நினைவில்லை. வேறு கோப்பை எதுவும் இவருக்கு வரவும் இல்லை.

"வீட்டு சோபால மல்லாந்து கெடந்து டிவி பாத்துட்டு, 'சார், அவன் பந்து நகந்துச்சு சார்'னு போன் போட்டுச் சொல்றான் பாரு, அவனெல்லாம் ஒரு ஜென்மமா? கோல்ஃப்ல கோளுக்கு எடமே கிடையாது."

இந்தச் சிலேடையை அவர் எல்லா நாட்டிலும் சொல்லியிருக்கிறார். யாரும் சிரிக்காததற்கு மொழிபெயர்ப்புதான் காரணம் என்பது அவர் தீர்ப்பு.

மனைவியும் சிரிக்கவில்லை. கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம், கடைசிக் குழியில், அவள் தம்பி ஆடிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நீதிபதிதான். மச்சினன் தன்னைத் தாண்டிப் போகவேண்டும் என்று மேடைக்கு மேடை பேசியிருக்கிறார். இந்த வருடம் அது நடந்துவிடும் போலிருந்தது.

சீசனின் கடைசி நாள். அடுத்த வருடமும் ஆட உரிமை பெறுகிறவர்களின் வரிசையில் நீதிபதிதான் கடைசி ஆள். தன் ஆட்டத்தை அவர் மதியமே முடித்துவிட்டார். அவருக்கு நேர் கீழே, கோட்டுக்கு வெளியே, மச்சினன்.

இந்தக் குழியை அவன் நான்கு அடியில் முடித்தால், அவன் உள்ளே, இவர் வெளியே. ஐந்து அடி என்றால் எல்லாம் இருந்தபடியே இருக்கும்.

வெளியே என்றால், தொப்பை வைத்த தொழிலதிபர்களின் இடுப்பைப் பிடித்து, "இப்படித் திருப்புங்க சார், ஆஹா, பிரமாதம் சார்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பது. அவர் வயதில் வெளியே போய்த் திரும்பி வந்தவர் இல்லை.

மனைவிக்கு இந்தக் கணக்கு தெரியாது. "ரெண்டு பேரும் உள்ள வந்துடுவீங்கல்ல?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "பாக்கலாம்" என்று அவரும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

மச்சினனின் இரண்டாவது அடி தப்பி, பந்து மரங்களுக்கிடையே சருகில் போய் உட்கார்ந்தது. அப்போதும் மோசமில்லை. இங்கிருந்து ஓர் அடியில் கொடியருகே போட்டு, இன்னோர் அடியில் குழிக்குள் தள்ளினால் நான்கு.

நீதிபதி கயிற்றை ஒட்டியே வேகமாக நடந்து அங்கே போய் நின்றார். மனைவி பின்தங்கிவிட்டாள். பை தூக்குகிறவர் தூரம் பார்க்க முன்னால் போயிருந்தார்.

மச்சினன் மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தான். கண் தூரத்துக் கொடிமேல்.

சருகு ஒன்று நொறுங்கியது.

சட்டென்று பின்வாங்கிக் குனிந்தான். பந்து ஆடிவிட்டு அதே இடத்தில் நின்றால் குற்றமில்லை. மயிரிழை நகர்ந்திருந்தாலும் கணக்கில் ஓர் அடி கூடிவிடும். எது நடந்தது என்று அவனுக்கே விளங்கவில்லை.

நிமிர்ந்தவன் கயிற்றருகே நீதிபதியைப் பார்த்தான். தொலைந்த சாவி கிடைத்தவன் போல முகம் தெளிந்தது.

"மாமா, நான் கவனிக்கல. பந்து அசைஞ்சுதா?"

நீதிபதி ஒரு தரம் இருமினார்.

"நகந்துச்சுப்பா," என்றார் மெதுவாக. "லேசா."

குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

மச்சினன் உடனே கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டுத் தானே சொன்னான். "நல்லவேளை நீங்க இருந்தீங்க மாமா, இல்லாட்டி தப்பா ஆடியிருப்பேன்," என்று இந்தப் பக்கம் திரும்பி நன்றியும் சொன்னான்.

மனைவி மூச்சிரைக்க வந்து கணவரின் தோளை ஒட்டி நின்றாள். "என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. நேர்மையான பையன்."

மச்சினன் அடித்தான். அவன் வாழ்நாளிலேயே சிறந்த அடி அது. பந்து மரங்களுக்கு மேலே எழும்பிக் கொடியின் காலடியில் போய் நின்றது. கூட்டம் ஓவென்று கத்தியது. அவன் நடந்து போய் அதைக் குழிக்குள் தள்ளினான்.

பலகையில் ஐந்து என்று ஏறியது.

கூட்டம் கலைந்தது. மனைவி மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, தம்பி அடித்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கணவரை நகரச் சொல்லி, அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தாள்.

"மேல எழும்பினப்புறந்தாங்க பந்தே என் கண்ணுல பட்டுச்சு. இங்கேர்ந்து அந்த விழுந்து கெடக்குற மரந்தானே தெரியுது?"

"நீ குள்ளம்ல," என்றார் நீதிபதி.

அவர்கள் கல்யாணப் போட்டோவில், பெண்ணுக்குச் சமமாக வரவேண்டும் என்று மாப்பிள்ளையை ஒரு பெட்டிமேல் ஏற்றி நிறுத்தியிருப்பார்கள். பெட்டி படத்தில் தெரியாது.