புங்கமரத்தடிப் புகார்

"உங்க மேல புகார் வந்திருக்கும்மா."

சூப்பிரண்டு பாலகுமார் ஒரு காகிதத்தை மேஜை மேல் வைத்தார். கீழ்ப்பாதியை மடித்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். யார் கொடுத்தது என்று தெரியக் கூடாதாம்.

ஜெயராணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே படித்தாள்.

'மேற்படி ஊழியர் தமது இருக்கையில் இருப்பதே இல்லை. நினைத்தபோதெல்லாம் எழுந்து போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொள்கிறார்...'

பொய் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தாள்தான். வேறென்ன செய்வாள், பாவம்? கீரப்பாளையம் தாண்டி இருக்கும் அந்த ஆபீசுக்குள் ரெண்டு வெள்ளம் புகுந்து போயிருக்கிறது. சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. பழைய ஃபைல் கட்டை அவிழ்த்தால் பொடி பறக்கும். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலை வேறு ஆணி அடித்து மூடிவிட்டார்கள் புண்ணியவான்கள். அரை மணி நேரம் உள்ளே இருந்தால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். இன்ஹேலரோடு வெளியே ஓடுவாள். மூச்சு திரும்பியதும் வந்து, விட்ட வேலையை முடித்துவிட்டுத்தான் கடைசி மினிபஸ்ஸைப் பிடிப்பாள்.

"நாங்கல்லாம் மூச்சு வுடல? எங்களுக்கு என்னா மூக்கே இல்லியா?" என்பாள் பக்கத்து சீட் சந்திரலேகா. "மகாராணிக்கு மட்டும் ஒத்துக்காது!"

டாக்டர் சர்டிபிகேட்டை இணைத்து, மாறுதல் கேட்டு மூன்று வருஷத்தில் மூன்று மனு போட்டிருந்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

"வேலைக்கு ஏதாவது ஆயிடுமா சார்?" என்று கேட்டாள். சிதம்பரத்தில் வாடகை ரூமில் தனிக்கட்டையாக இருக்கிறவள். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு நாதி கிடையாது.

"அதெல்லாம் இல்ல. கடலூருக்கு மாத்திட்டாங்க. நாளைக்கே போய் ஜாயின் பண்ணணும்."

அது அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. காகிதத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள். வலது பக்கமாகச் சாய்ந்த குண்டுக் கையெழுத்து. அவளுடைய மூன்று மனுவையும் எழுதிக் கொடுத்ததும் இதே கைதான்.

விறுவிறுவென்று வெளியே போனாள்.

மரத்தடியில் சௌந்தரம் டிபன்பாக்ஸைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். ஆபீசுக்கு வருகிற சனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவள். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை குட்டி இல்லை. உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாத ஜெயராணிக்கு மூன்று வருஷமாக மத்தியானத் துணை அவள்தான். இவள் ரசம் கொண்டுவந்தால் அவள் கருவாட்டுத் தொக்கு கொண்டுவருவாள்.

"நீயாக்கா இத எழுதின?"

சௌந்தரம் நிமிரவில்லை. "எழுதறது என் பொழப்பு. எழுதினேன்."

"யாரு எழுதச் சொன்னது?"

"அதச் சொல்றதுக்கில்ல."

"என்னப் பத்தின்னு தெரிஞ்சுமா எழுதின? நான் இங்க எதுக்கு வந்து உக்கார்றேன்னு உனக்குத் தெரியாதா?"

"சோறு ஆறுது ராணி. மொதல்ல சாப்புடு."

"உன் கூட இனிமே எனக்கு என்னாக்கா சோறு? நீயெல்லாம் ஒரு மனுஷியா!"

ஜெயராணி அழுதுகொண்டே போய்விட்டாள். சௌந்தரம் கூப்பிடவும் இல்லை.

கடலூர் ஆபீஸ் மாடியில் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜன்னல். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வருகிற காற்றில் காகிதமெல்லாம் பறந்தது. ஒரு மாசமாக ஒரு நாள்கூட இழுப்பு வரவில்லை. இன்ஹேலர் பைக்கு அடியில் கிடந்தது. ஆனால் மத்தியானம் டிபன்பாக்ஸைத் திறந்தால் மட்டும் ரெண்டு வாய்க்கு மேல் சாப்பிடாமல் மூடிவிடுவாள். கோபம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு மத்தியானம் அவளுடைய ஃபைல் பழைய ஆபீசிலிருந்து வந்து சேர்ந்தது. மேலேயே அந்தப் புகார் மனு. இப்போது மடிப்பில்லை.

'...ஆகவே அவரை நாலு பக்கமும் ஜன்னல் உள்ள மாடிக் கட்டிடம் ஒன்றுக்கு மாற்றி, உள்ளேயே உட்காரும்படி செய்ய வேண்டுகிறேன். வேறு தண்டனை எதுவும் வேண்டாம். அவர் வேலையில் குறை வைத்ததே கிடையாது.

இப்படிக்கு,
சௌந்தரம்.'

உடனே அவளுக்குப் போனைப் போட்டாள்.

"அக்கா... நீயே போய்க் குடுத்தியா?"

"ஆமா. திங்கக்கிழம கலெக்டர் மனு நாளுக்குக் கடலூருக்கே வந்து குடுத்தேன். அன்னிக்கு ஒடம்பு சரியில்லன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்ல?"

"ஏங்க்கா?"

"மூச்சு முட்டுதுன்னு மூணு தடவ எழுதினோம். எவன் பாத்தான்? குத்தம்னு ஒரே ஒரு தடவ எழுதினேன், பத்தே நாள்ல மாத்திட்டான் பாரு. அது கெடக்கட்டும், இப்ப நல்லா மூச்சு வுடுறியா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா? வாய்க்கு வந்தபடி பேசிட்டு வந்துட்டனே."

"சொல்லியிருந்தா என்னிய ஒத்தையில வுட்டுட்டு நீ போயிருப்பியாடி?"

ஜெயராணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டாள். "சாப்பிட்டியாக்கா?"



"இல்லடி. சோத்தத் தொறந்து வச்சிக்கினு ஆபீஸ் வாசலயே பாத்துக்கினு இருக்கேன். பாழாப்போன பழக்கம், இன்னும் வுடல."