மூடிய லிஃப்டுக்குள் ஓர் அட்டை

அரசுக் குடியிருப்பின் லிஃப்ட் ஏழு மாதங்களாக நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் உட்சுவரில் பராமரிப்பு அட்டை ஒட்டப்பட்டிருந்தது. மாதந்தோறும் பழுது பார்ப்பவர் அதில்தான் கையெழுத்திட வேண்டும் என்பது ஒப்பந்த விதி. ஒப்பந்தத்தை மூன்றாண்டு நீட்டிக்கக் கோரும் கோப்பிலோ, ஒரு மாதமும் விடுபடாமல் கையெழுத்திட்ட அட்டையின் நகல் இருந்தது.

வீட்டுவசதி வாரியப் பொறியாளர் செண்பகவல்லி அந்தக் கோப்புடன் ஐந்தாம் மாடியில், லிஃப்டின் மூடிய கதவின் முன் நின்றார்.

"இதுக்குள்ள போய் கையெழுத்துப் போட்டது யாரு சார்?"

ஒப்பந்தக்காரர் தணிகாசலம் கூச்சமின்றிச் சிரித்தார். "இன்னொரு அட்டை எங்க ஆபீஸ்லயே இருக்கு மேடம். எல்லா பிளாக்குக்கும் அப்படித்தான். நீங்க கோப்புல கையெழுத்துப் போடுங்க, நாளைக்கே ஆளு வந்துடும்."

"ஏழு மாசமா இவருக்கு அந்த நாளைக்கு விடியவே இல்லம்மா!" என்றார் பின்னாலிருந்து ரெபேக்கா. சக்கர நாற்காலியில் வாழும் அவர், லிஃப்ட் நின்ற நாளிலிருந்து இந்த மாடியை விட்டு இறங்கியதில்லை.

செண்பகவல்லி பேனாவை மூடினார். கோப்பை ரெபேக்காவின் மடியில் வைத்தார்.

"லிஃப்ட்ல இறங்கி, உள்ள ஒட்டியிருக்கற அட்டையையும் எடுத்துக்கிட்டு, நீங்களே என் ஆபீஸுக்கு வாங்கம்மா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டுத்தான் நான் எழுதுவேன்."

தணிகாசலத்தின் சிரிப்பு நின்றது. கோப்பைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

ரெபேக்கா தம் இரு கைகளையும் அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார்.