கத்தியாரின் மெத்தை

ஒரு மேசையின்மேல் பொம்மைக் கப்பல் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே விலையுயர்ந்த கத்தியார் ஒருவர் தம் பெட்டிக்குள், தெர்மோகோல் மெத்தையில் பள்ளிகொண்டிருந்தார். முனை மழுங்கிவிடுமென்று அஞ்சி, உரிமையாளர் அவரை வெளியே எடுத்ததே இல்லை. வேலை முழுவதையும் செய்தது, பிடிக்குப் பதிலாகத் துணி சுற்றிய மலிவான ஆக்ஸா பிளேடு.

“ஏனப்பா, பிளாஸ்டிக்கையும் அறுக்கிறாய், தெர்மோகோலையும் அறுக்கிறாய். உனக்கென்று ஒரு கௌரவம் வேண்டாமா?” என்றார் கத்தியார்.

“அதற்கெல்லாம் நேரம் எங்கே ஐயா? புகைபோக்கி இன்னும் பாக்கி.”

“எனக்குத் தந்திருக்கும் மெத்தையைப் பார்த்தாயா?”

“பார்த்தேன் ஐயா. நல்ல கனம்.”

மறுநாள், புகைபோக்கி செய்வதற்குள் தெர்மோகோல் தீர்ந்துபோயிற்று. உரிமையாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். தம் வேளை வந்துவிட்டதென்று கத்தியார் நெஞ்சை நிமிர்த்தினார். உரிமையாளரோ அவரைப் பதமாகத் தூக்கி, ஒரு பழைய காலுறைக்குள் படுக்கவைத்துவிட்டு, மெத்தையை உருவினார்.

“கொஞ்சம் கிறீச்சென்று கேட்கும் ஐயா, காதைப் பொத்திக்கொள்ளுங்கள்” என்றபடி பிளேடு மெத்தையின்மேல் ஏறியது.

காலுறைக்குள்ளிருந்து தணிந்த குரலொன்று வந்தது: “தலைமாட்டுப் பக்கத்தையாவது விட்டுவை, தம்பி.”