எக்ஸ்ரே ஆகாது

மாப்பிள்ளை ஃபெலிக்ஸ் நிலக்கரிக் கம்பெனியில் பர்மனென்ட். அதற்குமேல் வினோலியாவின் அப்பா எதையும் விசாரிக்கவில்லை; நெய்வேலியில் யாரும் விசாரிப்பதில்லை.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா மார்த்தாள், "உனக்கு என்ன வேலைம்மா?" என்றாள்.

"எக்ஸ்ரே தொலைநோக்கி ஆராய்ச்சிங்க. நட்சத்திரத்துலேர்ந்து வர்ற எக்ஸ்ரேயை அது படம் பிடிக்கும்" என்றாள் வினோலியா.

மார்த்தாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "தெனமும் எக்ஸ்ரேலயே இருந்துகினு, நாளைக்குப் புள்ள எப்படிம்மா பொறக்கும்?"

"தொலைநோக்கி விண்வெளியில இருக்குங்க. நான் பெங்களூர்ல கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருக்கேன்."

"எங்க இருந்தா என்ன, எக்ஸ்ரே எக்ஸ்ரேதான். வேலைய வுட்டாத்தான் கல்யாணம்."

வினோலியா மாப்பிள்ளையிடம் திரும்பினாள். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

ஃபெலிக்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். "கம்பெனி ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறேங்க."

மார்த்தாள் அசரவில்லை.

"அவன் பர்மனென்ட்டும்மா. அவனை ஒண்ணும் பண்ணாது."