பிரேக் பிடிக்காத கனவு

"அந்த அலறல் இருக்கே டாக்டர், தெருவே எழுந்து உட்கார்ந்துடுது" என்றார் கணவர். பக்கத்து நாற்காலியில் மனைவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு தலை குனிந்திருந்தார்.

பாவம், அந்த அம்மாவுக்கு வாசலில் இறங்கினாலே மானம் போகிறது. "ராத்திரி என்னக்கா சத்தம்?" என்று மாடிவீட்டுக்காரி கேட்கும்போதெல்லாம், "எனக்குத்தான் கெட்ட கனவு" என்று சொல்லிவிட்டு நழுவ வேண்டியிருக்கிறது.

"அடுத்த வாரம் பொண்ணு வீட்டுல போய்த் தங்கணும் டாக்டர். சம்பந்தி வீட்டுல இப்படிக் கத்தினா, அப்புறம் பொண்ணு மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" கட்டியிருந்த தொண்டையைச் செருமிக்கொண்டார் கணவர்.

டாக்டரம்மா மனைவியின் பக்கம் திரும்பினார். "என்ன கனவும்மா வருது?"

அவர் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "வேன் நிறைய ஸ்கூல் புள்ளைங்க. பாலத்துல இருந்து வேன் இறங்குது, பிரேக் பிடிக்கல. அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பின்னாடி பாட்டுப் பாடிக்கிட்டே வருதுங்க..." குரல் கம்மி நின்றது. "நான் ஸ்கூல் வேன் ஓட்டுறேன் டாக்டர். அந்தப் பயம்தான் இவளுக்கு இப்படி வருது."

"வீட்டுக்காரர் மேல அவ்வளவு அக்கறையா!" என்று டாக்டரம்மா சிரித்தார். எதிரில் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லம்மா. நிறைய பேருக்கு வர்றதுதான். பகல்ல கண்ணை மூடிக்கிட்டு அதே கனவை நீங்களே மனசுக்குள்ள ஓட்டிப் பாருங்க. முடிவை மட்டும் உங்க இஷ்டத்துக்கு மாத்திடுங்க. வேன் நின்னுடுது, புள்ளைங்க பத்திரமா இறங்குதுங்க. தினமும் செஞ்சா பயம் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப்போகும்."

கணவர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். "உட்கார்ந்துக்கிட்டுச் செய்யணுமா டாக்டர், படுத்துக்கிட்டா?"

"அவங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யட்டும் சார். எங்கே, இப்பவே ஒரு தடவை பார்ப்போம். கண்ணை மூடுங்கம்மா."

மனைவி கண்ணை மூடிக்கொண்டு, பள்ளியில் செய்யுள் ஒப்பிப்பதுபோல ஆரம்பித்தார். "வேன் பாலத்துல இருந்து இறங்குது... நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கேன்... பிரேக்கை மிதிக்கிறேன்..."

"அவசரமே வேண்டாம், உடம்புல உணர்ந்து சொல்லுங்க. எந்தக் காலால மிதிக்கிறீங்க?"

மனைவி திருதிருவென்று விழித்தார். பிறகு கணவர் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார். "எந்தக் காலுங்க?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். அவருக்குக் காது மடல்வரை சிவந்துபோயிற்று. நிமிர்ந்து பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வலது கால்... வெளிய தெரிஞ்சா யாரு டாக்டர் தன் புள்ளைய என் வேன்ல ஏத்துவாங்க?"

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் மீதியைச் சொல்லக் கணவருக்கு வாய் வந்தது.

"கத்துறது நான்தான்."